மார்ச்சில் வந்தால் ஓடைக்குப் போகலாம்

அன்பு மகளுக்கு,

கோணேசர் கிருபையால் நாங்கள் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேணும் என்றுதான் ஒவ்வொரு வெள்ளியும் பத்திரகாளி அம்மன் கோயிலில் அம்மா விளக்கேற்றுறா.

படங்கள் வந்தது. ஹைலண்ட் கிரீக் ஓடையில் சின்னவன் சல்மன் மீனைக் கைநீட்டிக் காட்டுற படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. ஒன்டாரியோ ஏரியில் இருந்து எதிர்த்து நீந்தி வந்து, முட்டை போட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகிற மீன் என்று அவன் சொன்ன வொய்ஸைப் பக்கத்து வீட்டு ஆட்களுக்கும் போட்டுக் காட்டினேன். அங்கே பிறந்த பிள்ளை இவ்வளவு தெளிவாகத் தமிழ் கதைக்குதே என்று எல்லாரும் கேட்டார்கள். அது உன்னுடைய வளர்ப்பு, எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் நிலத்தில் ஒரு நிழல்தான் விழுந்திருக்கு. நீ போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிழல். முந்தி அங்கே போனால் மருமகன்தான் எடுப்பார், நீயும் பிள்ளையும் நிற்பீர்கள். வேலை கூடவாக்கும். ஓவர்டைம் செய்கிறாராக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு விசயம். சின்னவனுக்கு ஓடைக்கரை நடை பிடித்துவிட்டது என்றால், எங்கள் பக்கத்திலும் இருக்கு. மார்கழியில் வராதே. மழையும் சேறும் டெங்கு நுளம்புமாகக் கிடக்கும். மார்ச்சில் வா. மழை விட்டிருக்கும், தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கியிருக்காது. வாடையோடு வந்த உள்ளான் குருவிகளும் வடக்கே முழுக்கத் திரும்பியிராது. ஆடி ஆவணி லீவுக்கு வந்தால் அதுகளை அவன் காணமாட்டான். மார்ச்சில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமைதான் லீவு என்று சொன்னாய். இந்த வயதில் இன்னும் இரண்டு கிழமை போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, கேட்டு எடு.

நிலாவெளி ரோட்டில் சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஓட்டோவை விட்டு இறங்கினால், தோணிக்காரர் நடந்து நடந்து விழுந்த பாதை கரையோடு போகுது. ஏற்றம் இல்லை, கல் இல்லை. நின்று நின்று போனாலும் முக்கால் மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம். என்னுடைய முழங்காலுக்கே அது சரி, பிள்ளைக்குக் கேட்கவேண்டுமா? விடியக் கிளம்பினால் வெயில் ஏற முந்தி வீட்டுக்கு வந்துவிடலாம். மூடின சப்பாத்துக் கொண்டு வா. சேற்றில் வளர்கிற கண்டல் மரத்து வேரில் ஒட்டின சிப்பி ஓடு காலைக் கிழித்துப்போடும்.

கண்டல் காயை அவனுக்குக் காட்டவேணும். விதை நிலத்தில் விழுந்து முளைக்கிறதில்லை. மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் மாதிரி நீளமாய்த் தொங்கும், பிறகு கழன்று விழுந்து நட்டது போலச் சேற்றில் குத்தி நிற்கும். பக்கத்தில் கண்ணா மரத்துக்கு வேர் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாய் எழும்பி நிற்கும். அந்த மரம் மூச்சு விடுகிறது அதாலேதான், மிதிக்கவேண்டாம் என்று இப்போதே சொல்லி வை. அந்தக் குச்சிகளுக்கு இடையில் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிசு, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். எங்கள் காலடி கேட்டால் ஒன்றும் இராது, வெறும் பொந்துதான். பேசாமல் நின்றால் முதலில் கண் இரண்டு மேலே வரும், பிறகு அந்தப் பெரிய கை, பிறகு சேறு முழுக்க நண்டு. அவனைக் கொஞ்சநேரம் அசையாமல் நிற்கப் பழக்கு. நீ சின்னனில் நின்றனீ.

கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள் சொண்டு நாரை, மீன்கொத்தி எல்லாம் பார்க்கலாம். பெரிய உடும்பு மாதிரி இருக்கிற கபரகொய்யா பாதைக்குக் குறுக்கே போனால் போகவிட்டு நடக்கவேணும். முதலை பயம் உண்டு, தோணிக்காரரைக் கேட்டுத்தான் கூட்டிப் போவேன். தண்ணீர் ஓரத்தில் பிள்ளையை நிற்கவிடமாட்டேன். கையைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன். சாப்பாடு வாழையிலையில்தான் கட்டவேணும். கோட்டைக்குள்ளே புள்ளிமான் பொலித்தீன் தின்னுறதைப் பார்த்த பிறகு சோறு கட்டுற லஞ்ச்சீற்றை வீட்டுக்குள்ளேயே விடுகிறதில்லை.

சப்பாத்து, மூடின சப்பாத்து. தொப்பியும்.

நீ முந்தி மாதிரிக் கதைக்கிறதில்லை. வொய்ஸ் போடுகிறாய், அதுவும் "அப்பா, நான் பிஸி" என்று. வீடியோவில் வந்தாலும் சின்னவனின் முகத்தை எங்களுக்குக் காட்டிவிட்டு நீ மறைந்து நிற்கிறாய். பத்து வருசமாய் அந்தக் குளிரில் வேலையும் படிப்புமாய் நீ உன்னை நிமிர்த்தி எடுத்ததை நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவன். ஆனால் பெற்றவனுக்கு ஒரு சொல் சொல்லாமல் விடலாமா? சொல்லவேண்டாம். நான் கேட்கவும் இல்லை.

நீயும் பிள்ளையும் மட்டும் வருகிறதென்றாலும் வா. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். யார் ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அம்மாவுக்கும் நான் சொல்லிக்கொள்வேன். சொந்தக்காரர் கேட்டால் பதில் என்னிடம் இருக்கு. மருமகனும் வந்தால் சந்தோசம், அவருக்கும் கட்டில் போட இடம் இருக்கு. திரும்பிப் போகிற திகதி போடாமல் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்து வருவேன். பின்னேரம் வந்து இறங்குகிற பிளைட் எடுக்காதே. ஹபரணை தாண்டி கந்தளாய் வரை இருட்டினால் ரோட்டில் யானை. விடியப்புறம் இறங்கினால் பகலோடு வீடு வந்துவிடலாம். சின்னவனும் காட்டுக்கரையைப் பார்த்துக்கொண்டு வருவான்.

வான்காரப் பெடியன் மார்ச் மாதத்துக்கு இப்போதே சொல்லச் சொல்லுறான். எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை