கடைசி ஒரு சாண் இடைவெளியை மூடியவர்களுக்கு நன்றி

ஓட்டுநர்களே, நிலையப் பணியாளர்களே, கொத்தனார்களே, கழிப்பறையைக் கழுவித் துடைப்பவர்களே, வணக்கம்.

சக்கர நாற்காலியிலும், பார்வையற்றோர் ஊன்றி நடக்கும் வெண்கோலோடும் புது ஊர்களுக்குப் போய்வரும் நாங்கள், பெயர் தெரியாத உங்களுக்கு இதை எழுதுகிறோம்.

நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்தும் பேருந்து ஓட்டுநர்களுக்குத்தான் நாங்கள் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். தாழ்தளப் பேருந்து பக்கவாட்டில் தாழ்ந்த பிறகும், அதன் தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். 15 செ.மீ. உயர நடைபாதைமேல் ஒரு மீட்டர் சாய்பலகையை விரித்தால் ஏற வேண்டியது 10 செ.மீ.தான், சரிவு பத்துக்கு ஒன்று. வண்டி தள்ளி நின்று பலகை சாலையில் இறங்கினால் நாலுக்கு ஒன்று. அதில் கையால் உருட்டி ஏற முடியாது. ஆள் தள்ளினாலும் நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும். ஸ்டீயரிங்கைக் கடைசியாக ஒருமுறை ஒடித்து ஒட்டி நிறுத்துகிறீர்களே, அதற்கு நன்றி.

காலால் உணரும் தரை ஓடுகளில் நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நிற்க வேண்டும். ஜப்பானில் செய்யிச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமாவில் முதலில் பதித்த முறை இது. குழாய்க்குத் தோண்டி மூடும்போது அந்த ஓடுகளைத் திசைமாற்றி வைத்துவிட்டால் வெண்கோல்காரர் நேராகத் தூணில் மோதுவார். பழைய திசை பார்த்துப் பதித்த கொத்தனார்களே, உங்கள் கைக்கு வணக்கம்.

கழிப்பறை அவசரக் கயிறு தரைவரை தொங்க வேண்டும். விழுந்து கிடப்பவர் எட்டி இழுக்கத்தான் அது. தரை துடைக்கையில் நனையாமலிருக்க அதைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிவைப்பார்கள், பிறகு அவிழ்க்க மறந்துவிடும். மறக்காமல் அவிழ்த்துவிட்டவர்களுக்கும், நாற்காலி திரும்பத் தேவையான ஒன்றரை மீட்டர் வட்டத்தில் வாளியும் துடைப்பமும் அடுக்காதவர்களுக்கும் நன்றி.

நாங்கள் இறங்கும் ரயில் நிலையத்துக்குப் பெட்டி எண்ணைப் போனில் சொல்லி, சாய்பலகையோடு ஆளை நிற்கவைத்தவர்களையும் மறக்கவில்லை.

‘சக்கர நாற்காலி வரலாம்’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல், கதவகலம் 80 செ.மீ., வாசலில் 12 செ.மீ. படி ஒன்று என அளந்து எழுதிய விடுதிக்காரர்களே, அந்தப் படியை மறைக்காததே பேருதவி. தெரிந்தால் மடக்குப் பலகையோடு வருவோம்.

ஒரு வேண்டுகோள்: லிஃப்டின் பின்சுவர்க் கண்ணாடி அழகுக்காக அல்ல. உள்ளே திரும்ப இடமில்லாதபோது அதைப் பார்த்தே பின்னோக்கி வெளியேறுகிறோம். அதன்மேல் அறிவிப்பு ஒட்டாதீர்கள்.

அன்புடன்,
சக்கர நாற்காலி, வெண்கோல் பயணிகள்