மெயில் சர்வரைப் பைத்தானில் எழுதினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பைத்தான், பெர்ல், டிசிஎல் எல்லாம் ஃபைல்களுக்குப் பெயர் மாற்றவும் அறிக்கை தயாரிக்கவும் சரி, சர்வர் என்று வந்துவிட்டால் சி, ஜாவா பக்கம்தான் போகவேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். சர்வர்களைப் பராமரிப்பதே பிழைப்பாக இருக்கும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதற்காக ‘அரை மணி நேரத்தில் பைத்தானில் மெயில் சர்வர்’ என்று வீடியோ போடுகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. மொழி இங்கே பிரச்சினையே இல்லை. ஒரு சர்வர் எதிர்முனைக்கு என்னென்ன வாக்குக் கொடுக்கிறது என்று படிக்காமலே கோட் அடிக்க உட்கார்ந்துவிடுகிறோமே, அதுதான் பிரச்சினை.

பாப்3-ஐயே எடுத்துக்கொள்வோம். சர்வரில் வந்து கிடக்கும் மெயில்களை நம் கணினிக்கு இறக்கிக் கொடுக்கும் நெறிமுறை அது. முதல் வடிவம் 1984-ல் வந்தது, மூன்றாவது வடிவம் 1988-ல். இன்று எல்லோரும் கையில் எடுப்பது 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1939 (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்). மொத்தமே 23 பக்கம். மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் நெறிமுறைக்கான ஆர்எஃப்சி 3501 நூறு பக்கத்தைத் தாண்டும், அதைக் கற்றுக்குட்டி ஒருவர் கையில் கொடுத்தால் பயந்து ஓடிவிடுவார். பாப்3 அப்படி இல்லை. போர்ட் 110-ல், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், யாராவது இணைந்தால் ஒரு வரி வரவேற்பு, அப்புறம் அவர் ஒரு வரி கேட்பார், நாம் ஒரு பதில் சொல்வோம். நல்ல பதில் என்றால் பிளஸ் ஓகே, இல்லையென்றால் மைனஸ் எர். யூசர், பாஸ், ஸ்டாட், லிஸ்ட், ரிட்டர், டிலீ, குவிட் என்று விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய கட்டளைகள்.

வேகம் போதாது என்பதுதான் கட்டுரையின் முக்கிய வாதம். ஆனால் இந்த சர்வர் பெரும்பாலான நேரம் என்ன செய்கிறது? காத்திருக்கிறது. எதிர்முனையிலிருந்து அடுத்த வரி வரவேண்டும், டிஸ்க்கிலிருந்து ஃபைல் வரவேண்டும், நெட்வொர்க் பைட்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்குப் போடுகிற வேலை என்று பார்த்தால் குறியாக்கம் ஒன்றுதான் கொஞ்சம் கனமானது, பைத்தானில் அதையும் சி-யில் எழுதிய ஓப்பன்எஸ்எஸ்எல்தான் பார்த்துக்கொள்கிறது. லட்சக்கணக்கான பேருக்கான சர்வர் என்றால் பேச்சு வேறு. ஓர் அலுவலகத்துக்கோ ஒரு கல்லூரித் துறைக்கோ என்றால் ஸ்கிரிப்ட் தாராளமாகப் போதும். இது புதிய யோசனையும் இல்லை: டிசிஎல் மொழியின் டிசிஎல்லிப் தொகுப்பில் பாப்3 சர்வருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பைத்தானின் ட்விஸ்டட் தொகுப்பிலும் இருக்கிறது. பைத்தானோடு கூடவே வரும் பாப்லிப் மட்டும் வாடிக்கையாளர் பக்கத்து வேலைக்கானது, சர்வர் வேண்டுமென்றால் சாக்கெட்சர்வர் பகுதியை வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பழைய பாடங்களைப் பார்த்து அசிங்க்கோர் என்ற பழைய நெட்வொர்க் பகுதியில் எழுதுகிறவர்கள் கவனிக்கவும், அது பைத்தான் 3.12-லேயே தூக்கப்பட்டுவிட்டது.

இனி, வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது. அவர்கள் காட்டுகிற நிரல் டெமோவில் அழகாக ஓடும், ஏனென்றால் டெமோவில் இருப்பது ‘ஹலோ’ என்று ஒரே வரி கொண்ட ஒரு மெயில். நிஜ மெயில்கள் அப்படியா வருகின்றன?

ஒரு மெயிலைக் கேட்டு வாங்கும் ரிட்டர் கட்டளைக்கான பதில் பல வரிகள் கொண்டது. அது முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஒரு வரியில் புள்ளி மட்டும் தனியாக வந்தால் முடிந்தது என்று அர்த்தம். சரி, மெயிலுக்குள்ளேயே ஒரு வரியில் யாராவது வெறும் புள்ளி வைத்திருந்தால்? பாதி மெயிலோடு முடிந்துவிட்டதாக எதிர்முனை நினைத்துக்கொள்ளும், மீதி வரிகளை அடுத்த கட்டளைக்கான பதிலாக எடுத்துக்கொண்டு குழம்பும். அதனால்தான் புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பு, வாங்குகிறவர் அதை எடுத்துவிடுவார் என்று விதி. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இஃப். அந்த ஒரு இஃப் இல்லாத மாதிரி நிரல்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அளவுக் கணக்கில் இன்னும் வேடிக்கை. லிஸ்ட் கேட்டால் ஒவ்வொரு மெயிலும் எத்தனை பைட் என்று சொல்லவேண்டும். யுனிக்ஸ் ஃபைலில் வரி முடிவு ஒரே பைட், நெட்வொர்க்கில் போகும்போது இரண்டு. ஆக, ஃபைலின் அளவை அப்படியே எடுத்துச் சொன்னால் 200 வரி மெயிலுக்கு 200 பைட் குறைவாகச் சொல்லியிருப்போம். அதற்காக மேலே சொன்ன கூடுதல் புள்ளியையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது, எண்ணக்கூடாது என்று ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. தமிழ் மெயில் வந்தால் இன்னொரு அடி. ‘வணக்கம்’ கண்ணுக்கு 5 எழுத்து, பைத்தானிடம் ஸ்ட்ரிங்காகக் கொடுத்து நீளம் கேட்டால் 7 என்கும், எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் அப்படியே அனுப்பினால் 21 பைட். மெயிலை முதலிலிருந்து கடைசிவரை பைட்டுகளாகவே வைத்துக்கொள்வதுதான் வழி, ஸ்ட்ரிங்காக மாற்றவே வேண்டாம். பைத்தானின் மெயில்பாக்ஸ் பகுதியை வைத்து மெயிலைப் பிரித்துவிட்டு மறுபடி சேர்த்து அனுப்புவதும் வேண்டாத வேலை, ஒரு தலைப்பு வரி இடம் மாறி மடிந்தால்கூட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகலாம். ஃபைலை பைனரியாகத் திற, வரி முடிவைச் சரிசெய், அனுப்பு, அவ்வளவுதான்.

பைத்தானுக்கே உரிய ஒரு பொறி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. பாப்3-ல் மெயில்களுக்கு எண் 1-லிருந்து தொடங்கும், பைத்தான் லிஸ்டில் 0-லிருந்து. எல்லோரும் கேட்ட எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து லிஸ்டில் எடுப்பார்கள். இப்போது ஒருவர் ரிட்டர் 0 என்று கேட்டால்? ஒன்றைக் கழித்தால் மைனஸ் 1. பைத்தானில் மைனஸ் 1 என்றால் கடைசி உருப்படி. அப்படி ஒரு மெயிலே இல்லை என்று மைனஸ் எர் சொல்லவேண்டிய இடத்தில், சர்வர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கடைசி மெயிலை எடுத்து நீட்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அழிப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டிலீ என்று சொன்னதும் மெயில் அழியக்கூடாது, அழிக்கவேண்டியது என்று குறித்து மட்டும் வைக்கவேண்டும். ரிசெட் சொன்னால் குறியெல்லாம் போய்விடும். குவிட் சொன்ன பிறகுதான் சர்வர் புதுப்பிப்பு நிலைக்குப் போய் உண்மையில் அழிக்கவேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு மெயில்கூடப் போகக்கூடாது. ஏன் இத்தனை கறார்? எதிர்முனை மெயிலை வாங்கி டிஸ்க்கில் எழுதி முடித்ததா என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை, எழுதும் முன்பே கரண்ட் போயிருந்தால் சர்வரில் இருப்பதுதான் ஒரே பிரதி. சாக்கெட்சர்வரில் ஃபினிஷ் என்று ஒரு மெத்தட் உண்டு, இணைப்பு எப்படி முடிந்தாலும் பொதுவாக அது ஓடும். சுத்தம் செய்கிற வேலைக்கு வசதியான இடம் என்று அழிக்கும் வரியைக் கொண்டுபோய் அங்கே போடுகிறார்கள். பெட்டியின் பூட்டைத் திறந்துவிடுவதற்கு அது சரியான இடம், அழிப்பதற்கு மகா தவறான இடம். குறித்த மெயிலை லிஸ்டிலிருந்தே எடுத்துவிடுவதும் கூடாது. 2-ஐ அழித்தாலும் அந்த அமர்வு முடியும்வரை 3 என்பது 3-தான், லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டால் 3 நகர்ந்து 2 ஆகிவிடும், அடுத்து அழிக்கச் சொல்லும்போது வேறு ஏதோ மெயில் போய்விடும்.

பூட்டு என்றேனே, அதுவும் சும்மா இல்லை. ஒருவர் உள்ளே இருக்கும்போது அதே பெட்டிக்குள் இன்னொரு அமர்வு நுழையக்கூடாது. ஒவ்வொரு மெயிலையும் தனி ஃபைலாக வைக்கும் முறைக்கு மெயில்டிர் என்று பெயர், அதற்கான பைத்தான் வகுப்பில் லாக் என்ற மெத்தட் இருக்கிறது, ஆனால் அது ஒன்றுமே செய்யாது, பெயருக்கு இருக்கிறது. பூட்டை நாமே போடவேண்டும். மெயில்டிர் பயன்படுத்துகிறவர்கள், ஒவ்வொரு மெயிலுக்கும் மாறாத ஓர் அடையாளத்தைச் சொல்லும் யூஐடிஎல் கட்டளையிலும் வழுக்குவார்கள்: ‘சர்வரிலேயே பிரதியை விட்டுவை’ என்று நாம் அமைத்திருந்தால் மெயில் நிரல் இந்த அடையாளத்தை வைத்துத்தான் எது பழையது, எது புதியது என்று பார்க்கும். ஃபைல் பெயரை முழுசாக அடையாளமாகக் கொடுத்தால், படித்ததற்கான குறி பெயரின் வாலில் ஒட்டியதும் அடையாளம் மாறிவிடும், பழைய மெயிலெல்லாம் புதிதாக மறுபடி இறங்கும். வாலுக்கு முந்தைய பகுதியை மட்டும் கொடுக்கவேண்டும், அதுவும் 70 எழுத்துக்குள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. யூசர், பாஸ் இரண்டும் வெட்டவெளியில் போகின்றன, ஆகவே வெளியுலகுக்குத் திறப்பதென்றால் போர்ட் 995-ல் டிஎல்எஸ் என்ற குறியாக்கம் போட்டுத்தான் திறக்கவேண்டும். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314-ம் அதைத்தான் சொல்கிறது. ஏபாப் என்று ஒரு பழைய வழி இருக்கிறது, கடவுச்சொல்லை நேராக அனுப்பாது, ஆனால் அது நம்பியிருக்கும் எம்டி5 என்ற சுருக்கக் கணக்கு வலுவிழந்து வெகுகாலமாகிறது, போதாததற்கு சர்வரில் கடவுச்சொல்லை அப்படியே சேமித்துவைக்கச் சொல்கிறது. விட்டுவிடுங்கள். அப்புறம், எதிர்முனை அனுப்பும் வரியைப் படிக்கும்போது நீளத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஒரு கட்டளை 255 பைட்டைத் தாண்டாது என்று ஆர்எஃப்சி 2449-ல் இருக்கிறது. வரியைப் படிக்கும் ரீட்லைனை வரம்பில்லாமல் எழுதினால், வரி முடிவே இல்லாமல் யாரோ ஒருவர் அனுப்பிக்கொண்டே இருக்க, சர்வர் மெமரி தீரும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும்.

மேலே சொன்னவற்றில் சி-யில் எழுதினால் தானாகச் சரியாகிவிடும் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா? மைனஸ் 1 விவகாரம்கூட சி-யில் இன்னும் மோசமாகும், அங்கே எந்த நினைவகத்தைப் படிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கிரிப்டில் எழுதும்போது நினைவக ஒதுக்கீட்டோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சம், அந்த நேரத்தை ஆவணத்தின் 23 பக்கத்தைப் படிக்கச் செலவழிக்கலாம் என்பதுதான் என் கட்சி.

உங்கள் பக்கத்தில் மாணவர்களுக்கான நிரலாக்கத் தொடர் ஒன்று வரப்போவதாக அறிவித்திருந்தீர்கள். இன்னொரு அரட்டைச் செயலி வேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் 110-க்குப் பொதுவாக ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும் என்பதால் 1110-ல் ஓடவிட்டு, சர்வரோடு நேராக இணைக்கும் டெல்நெட் நிரலில் கையாலேயே கட்டளைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிரலை அச்சிடும்போது கூடவே சோதனைக்கென்று ஒரு மெயிலையும் அச்சிடுங்கள்: நடுவில் தனிப் புள்ளி கொண்ட ஒரு வரி, தமிழில் ஒரு வரி, கடைசி வரி வரி முடிவு இல்லாமல். குவிட் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு மெயில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மெயில் சர்வர்களைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர்