உள்ளே வரும் போர்ட்டையும் திறந்துவிடுங்கள்

மதுரை மாவட்டத்தில் ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனங்களுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம். திருமங்கலத்திலும் மேலூரிலும் கல்யாணம் எடுக்கும் கேமராமேன்கள், ஃபுட்டேஜை இன்னமும் ஹார்டு டிஸ்கில் போட்டு, பஸ் ஏற்றித்தான் எங்களைப் போன்ற மதுரை எடிட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஃபைபர் இருக்கிறது. வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ, மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். அப்லோடும் 100 மெகாபிட் கிடைக்கிற இணைப்பில், ஒரு மணி நேரக் காட்சி சுமார் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட வேண்டும். வருவதில்லை.

கம்ப்ளெயின்ட் கொடுத்தால் வருகிற தம்பி ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி, "நூறு வருதுல்லண்ணே, அப்புறமென்ன?" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. குறை வேகத்தில் இல்லை; வெளியிலிருந்து எங்கள் இணைப்பை நேரடியாகத் தொட முடியாததில்தான். எங்கள் ரவுட்டரில் தெரியும் வான் ஐபி, அதாவது நீங்கள் எங்கள் இணைப்புக்குத் தரும் முகவரி எண், 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. வெளியிலிருந்து தொடக்கூடிய ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் சிஜிநாட்டுக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். போர்ட் என்பது இணைப்பில் எண் போட்ட ஒரு வாசல். அதன் வழியே வருவதை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பிவிட எங்கள் ரவுட்டரில் எவ்வளவுதான் போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும், வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் சிஜிநாட் பெட்டியோடு நின்றுவிடும்.

டோரன்ட்டோ சிங்க்திங்கோ, நேரடியாக ஃபைல் அனுப்பும் எதற்கும் இரண்டு முனைகளில் ஒன்றாவது திறந்திருந்தால் போதும். மூடிய முனை வெளியே போய்த் திறந்த முனையைத் தொட்டுவிடும். இரண்டுமே மூடியிருந்தால்தான் சிக்கல். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பி நடுவில் வழி உண்டாக்கும், யுடிபியில் ஹோல் பஞ்சிங் என்று ஒரு முறை உண்டு, ஆனால் உங்கள் சிஜிநாட் ஒவ்வொரு இலக்குக்கும் வெவ்வேறு போர்ட் கொடுத்தால் அதுவும் பெரும்பாலும் பலிக்காது. அப்போது சிங்க்திங் எங்கோ இருக்கும் ரிலே சர்வரைச் சுற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் நகரும். கூகுள் டிரைவில் ஏற்றலாம் என்றால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. காசு கட்டினாலும் ஒருவர் முழுசாக ஏற்றி, இன்னொருவர் முழுசாக இறக்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வர வேண்டிய ஃபைலுக்கு இது வீண் அலைச்சல்.

உங்கள் நெருக்கடி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பழைய முகவரி முறையான ஐபி வி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது. 445-ஆம் போர்ட்டை நீங்கள் அடைத்து வைத்தால் அதையும் குறை சொல்ல மாட்டேன். 2017-இல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை அந்த வழியாகத்தான் பரவியது. ஆனால் அந்தப் பயத்துக்காக எல்லாப் போர்ட்டையும் அடைப்பது நியாயமில்லை.

எங்கள் முதல் கோரிக்கை, புதிய முகவரி முறையான ஐபி வி6. அதில் முகவரிப் பஞ்சமே கிடையாது. சில இடங்களில் அதைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தரும் ரவுட்டரின் ஃபயர்வால் உள்ளே வருவதை முழுக்கத் தடுக்கிறது, அதை மாற்றும் மெனுவையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் மூடியே கொடுங்கள், அதுதான் பாதுகாப்பு. வேண்டியவர் வேண்டிய போர்ட்டை மட்டும் திறந்துகொள்ளச் சாவியை அவர் கையில் கொடுங்கள்.

ஐபி வி6 இன்னும் எட்டாத ஏரியாக்களில், கேட்பவருக்குப் பொது ஐபி ஒன்று கொடுங்கள். மாறாத ஸ்டாட்டிக் ஐபி கேட்கவில்லை. தினம் மாறினாலும், மாறும் ஐபியை ஒரே பெயரில் காட்டும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளித்துக்கொள்வோம். "அதுக்கு பிசினஸ் பிளான் எடுக்கணும்" என்று சின்ன ஸ்டுடியோக்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு நியாயமான மாதக் கட்டணம் சொன்னால் கட்டத் தயார். அதுவும் முடியாதென்றால், சிஜிநாட்டிலேயே வாடிக்கையாளர் தனக்கென்று ஒரு போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள பிசிபி என்ற நெறிமுறை 2013 முதல் இருக்கிறது. அதையாவது போட்டுக் கொடுங்கள்.

இணைப்புப் படிவத்தில் ஒரு வரியும் சேருங்கள்: இது பொது ஐபியா, சிஜிநாட்டா? பணம் கட்டுமுன் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. உங்கள் டெக்னீசியன்களை அனுப்புங்கள், இரண்டு ஊரிலும் ஆள் வைத்து ஃபைல் அனுப்பிச் சோதித்துப் பார்ப்போம். ஆவணி முகூர்த்தம் தொடங்குமுன் எங்கள் ஏரியாவிலாவது இதைச் சரிசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
செல்லூர், மதுரை