ஆள்காட்டிக் கூட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

நம் திடலில் தரையில் கூடு வைத்த ஆள்காட்டிப் பறவை குஞ்சு பொரித்துவிட்டது. நான்கு முட்டையில் மூன்று. மூன்று குஞ்சுகளும் உடம்பு உலர்ந்த கையோடு குழியை விட்டு இறங்கி, தாய் தகப்பன் பின்னால் ஓடைப்பக்கத்துப் புல்லுக்குப் போய்விட்டன. கட்டுமான வேலைக்கு ஜேசிபி இறங்கிய இடத்தில் கூடு இருந்ததும், குஞ்சு பொரிக்கும்வரை அந்த மூலையின் வேலையைத் தள்ளிவைக்கக் கேட்டதும் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. நெஞ்சில் படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

முதல் நன்றி தண்ணீர் லாரி அண்ணனுக்கு.

புழுதி அடங்க மண்பாதையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவதோடு உங்கள் வேலை முடிந்தது, அண்ணா. மனு எழுதியவர்கள், கயிறு கட்டியவர்கள், அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் என எல்லோருடைய யோசனையும் கூட்டை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தது. அந்த வெயிலில் பறவைக்கு என்ன வேண்டும் என்று பார்த்தவர் நீங்கள்தான். கூட்டிலிருந்து 40 தப்படி தள்ளி, பாதையோரத்தில் டயர் பதிந்த பள்ளம் ஒன்றில், காலை 11 மணி வாக்கில் ஒரு தடவையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவையும் வால்வைத் திறந்து இரண்டு குடம் தண்ணீர் விட்டுப் போனீர்கள். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த இரண்டு குடம் தண்ணீர் என்ன செய்தது என்பதை விளக்கமாகச் சொன்னால்தான் இந்த நன்றிக்குப் பொருள் இருக்கும்.

சிவப்பு மூக்கு ஆள்காட்டி மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை வெறுந்தரையில் முட்டையிடும். கூடு என்று சொன்னாலும் அது ஆழமில்லாத ஒரு குழிதான். சுற்றிலும் கூழாங்கல், மண்ணாங்கட்டி, ஆட்டுப்புழுக்கை. வழக்கமாக நான்கு முட்டை. கூர்முனைகள் நான்கும் நடுவைப் பார்த்திருக்கும். அப்படி அடுக்கினால்தான் பறவையின் வயிற்றுக்குக் கீழே நான்கும் அடங்கும். மரநிழலில் இடாது, புதருக்குள் இடாது. எந்தத் திசையிலிருந்து ஆபத்து வந்தாலும் தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் திறந்த வெளியைத்தான் தேர்ந்தெடுக்கும். அதற்கு அது கொடுக்கும் விலை வெயில்.

அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்றே நினைக்கிறோம். சித்திரை மதியத்தில் ஆள்காட்டிக்கு வேலை நேர்மாறானது. பறவை முட்டைக்குள் கரு நன்றாக வளர 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். 40-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் கரு செத்துவிடும். அந்த நேரத்து வெறுந்தரையோ 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதனால் பறவை முட்டைமேல் முழுதாக உட்காராமல், காலைச் சற்று மடக்கி, முதுகு வெயிலை வாங்க நின்று நிழல் கொடுக்கும். அலகு திறந்திருக்கும், தொண்டை துடித்துக்கொண்டே இருக்கும். நிழல் மட்டும் போதாத அளவுக்கு வெயில் ஏறினால், இணை வந்து இடத்தை மாற்றிக்கொள்ள, இது தண்ணீரைத் தேடிப் போகும். குடிப்பதற்கு மட்டும் இல்லை. நீரோரத்தில் வயிற்றுச் சிறகுகளைப் பிரித்து விட்டு, குந்தி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி நனைத்துக்கொள்ளும். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் படுக்கும். ஈரம் ஆவியாகும்போது முட்டையின் சூடு இறங்கும், குழிக்குள் கொஞ்சம் ஈரப்பதமும் தங்கும். காய்ந்ததும் மறுபடி போகும்.

இதில் எல்லாமே தூரத்தைப் பொறுத்தது. தண்ணீர் வெகு தூரத்தில் இருந்தால் நனைத்த வயிறு வரும் வழியிலேயே பாதி காய்ந்துவிடும். இணை அருகில் இல்லாத நேரமாக இருந்தால், போய்வரும் அத்தனை நேரமும் முட்டைகள் வெயிலில் கிடக்கும். ஓடை வற்றிப் போயிருந்த அந்த வாரங்களில் கூட்டுக்கு 40 தப்படியில் ஈரம் இருந்தது பெரிய விஷயம்.

அந்தப் பள்ளமும் சரியான பள்ளம். நல்ல மனதோடு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டியையோ அகல வாளியையோ கொண்டுவந்து வைப்பார்கள். அதில் ஆள்காட்டியால் வயிற்றை நனைக்க முடியாது. விளிம்பு செங்குத்தாக இருக்கும், உள்ளே ஆழமாக இருக்கும், வழுக்கும். குஞ்சு விழுந்தால் ஏறி வரவே முடியாது. கரை சரிந்து இறங்க வேண்டும், ஆழம் இரண்டு மூன்று விரல்கடைக்கு மேல் போகக் கூடாது, நின்றபடி நாலாபுறமும் பார்க்க வசதியாகத் திறந்திருக்க வேண்டும். டயர்ப் பள்ளத்தில் இது எல்லாம் தானாகவே அமைந்திருந்தது. இளகிய மண்ணில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிவிடும் என்பதால் முதல் நாள் வண்டியை அதே தடத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் உருட்டி மண்ணை இறுக்கினீர்களே, அதைத்தான் சொல்லிச் சொல்லி வியக்கிறோம். அதன் பிறகு ஊற்றிய தண்ணீர் வெயில் தாழும்வரை நின்றது. இரவுக்குள் வற்றியதால் கொசுவுக்கும் இடமில்லை.

தூரத்தையும் சரியாக வைத்தீர்கள். பாவம் பார்த்துக் கூட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வைத்தால் காக்கையும் நாயும் குடிக்க வரும், குடித்த பிறகு சுற்றிப் பார்க்கும். நிழலுக்கென்று குடை நட்டாலும் இதே கதைதான். காக்கை உட்காரக் கொம்பு கிடைத்துவிடும், பார்வை மறைக்கப்பட்ட பறவை கூட்டை விட்டுப் போனாலும் போய்விடும். நீங்கள் வால்வை மூடிவிட்டு நிற்காமல் உடனே வண்டியை எடுத்தது இன்னொரு பெரிய உதவி. ஆள் நிற்கும்வரை பறவை தண்ணீரில் இறங்காது.

பறவைகளுக்கு உதவுவது என்றால் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தினமும் செய்கிற வேலைக்குள்ளேயே இடம் பார்த்து, பறவையின் போக்கைக் கவனித்து, அதற்குத் தேவையானதை மட்டும் செய்து, விலகிப் போவது அதைவிட அரிது. அந்தக் கவனத்துக்குத்தான் இந்த வணக்கம், அண்ணா.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொன்னால் தாங்காது.

ஜேசிபியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, முட்டையைக் கையால் தொடாமல் தகவல் சொன்ன தம்பிக்கு நன்றி. முட்டைகளை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்துவிடலாம் என்று அன்று சிலர் சொன்னார்கள். இந்தப் பறவைக்கு இடம்தான் அடையாளம். தள்ளி வைத்தால், பழைய குழிக்கே திரும்பி வந்து, பக்கத்தில் முட்டை கிடந்தாலும் ஏற்காமல் போகும் ஆபத்து அதிகம். மனித வாசனை பட்டால் பறவை ஒதுக்கிவிடும் என்று சொல்வதும் சரியில்லை. நம் காலடித் தடம் காக்கைக்கும் கீரிக்கும் வழி காட்டுகிறது, நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகிறது. கெடுதி அங்கேதான் இருக்கிறது.

காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்ன அக்காவுக்கு நன்றி. கேட்ட பிறகு அந்த மூலையின் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்த மேற்பார்வையாளருக்கும் நன்றி. நிரந்தரமாக நிறுத்தச் சொல்லவில்லை, சுமார் நான்கு வாரம்தான் கேட்டோம். கடைசி முட்டை இட்டதிலிருந்து 28 முதல் 30 நாளில் பொரித்துவிடும் என்று கணக்குச் சொன்னதும் பேச்சு சுலபமானது. இது போன்ற இடத்தில் கெஞ்சுவதைவிடத் தேதி சொல்வது பலன் தரும்.

ஆடு மேய்க்கும் அம்மா மந்தையை வரப்போரமாகவே ஓட்டிப் போனார். ஒற்றை ஆடு வந்தால் ஆள்காட்டி எழுந்து ஓடாது. கூட்டிலேயே நின்று இறக்கையை விரித்து முகத்துக்கு நேரே சீறும், ஆடு விலகிவிடும். மந்தையாக நெருக்கிக்கொண்டு வரும்போது முன்னால் இருப்பது விலகினாலும் பின்னால் வருவது மிதித்துவிடும். இதை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். கிரிக்கெட் ஆடுகளத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்ட பிள்ளைகள், நாய்களைக் கட்டிப்போட்ட வீட்டுக்காரர்கள், இரவில் அந்தப் பக்கம் டார்ச் அடிக்காமல் சுற்றி வந்த காவலாளி ஐயா எல்லோருக்கும் நன்றி. இருட்டில் வெளிச்சம் பட்டுக் கிளம்பிய பறவை உடனே திரும்பாது, நாய்களுக்கு அதுவே வழிவிடும் நேரம்.

எல்லைக் கயிறு கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூட்டின் பக்கத்தில் கொடி நடாமல், 10 மீட்டர் தள்ளி நான்கு மூலையிலும் முழங்கால் உயரக் குச்சி அடித்து, மங்கிய சணல் கயிறு மட்டும் கட்டினீர்கள். ஓடைப் பக்கத்தைத் திறந்தே விட்டீர்கள். பளிச்சென்ற ரிப்பன் கட்டியிருந்தால் முதலில் வந்திருப்பது காக்கை. குஞ்சுகளும் நீங்கள் திறந்து விட்ட அந்தப் பக்கமாகத்தான் வெளியேறின.

படம் எடுத்தவர்கள் தொலைவிலேயே நின்றீர்கள். பறவை கூட்டை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கினால் நாம் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். அதன் பிறகுதான் கத்தும், தலைக்கு மேலே வந்து பாயும். அந்த முதல் அசைவிலேயே பின்வாங்கினீர்கள். இடத்தைக் குறிப்பிடாமல் படங்களை வைத்திருந்ததற்கும் நன்றி. இனி வெளியிட்டாலும் கூடு இருந்த மூலை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி அடுத்த பருவத்திலும் இதே திடலுக்கு வரலாம்.

இந்தப் பரபரப்பில் மறந்துவிடக் கூடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுமானத்துக்குக் கொட்டிய மணல் மேட்டில் பஞ்சுருட்டான் பறவை வளை தோண்டியதைப் பார்த்து, அந்தப் பக்கச் சரிவை மட்டும் வெட்டாமல் விட்டவர்களைத்தான் சொல்கிறோம். வளை படுக்கைவாட்டில் உள்ளே போகும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேட்டின் மேல் ஆள் ஏறினாலே வளை இடிந்து மூடிவிடும். துணிக்கொடியில் தேன்சிட்டு கட்டிய தொங்கு கூட்டுக்காகத் துணி காயப்போடும் இடத்தை மாற்றியவர்களும், தொட்டிச் செடியில் சின்னான் குருவி அடைகாக்க, இலையில் படாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். நீங்கள் அனுப்பிய குறிப்புகளில் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற மூன்றும் இருந்தன. வாயில் நாருடன் வந்ததா, இரையுடன் வந்ததா என்ற ஒரு வரியிலேயே கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நான்காவது முட்டை குழியிலேயே கிடக்கிறது. கரு கூடாமல் போனதா, வெயில் தாங்காமல் போனதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதை எடுக்க வேண்டாம், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஆபத்து இன்னும் தீரவில்லை. ஆள்காட்டிக் குஞ்சு பிறந்த நாளே ஓடும், தானே பூச்சி பொறுக்கித் தின்னும், ஆனால் பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் தரையோடு ஒட்டிப் படுப்பது. மண்நிறத்தில் கரும்புள்ளி போட்ட தூவி. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி வந்தாலும் ஓடாது, பாதை நடுவிலேயே படுத்துக்கொள்ளும். ஆகவே, அந்தப் பாதையில் போகும்போது பெரிய பறவைகள் விடாமல் கத்தினால் வண்டியை நிறுத்துங்கள். குரல் வேகமெடுக்க எடுக்கக் குஞ்சு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஒருவர் இறங்கி, தரையைப் பார்த்தபடி முன்னால் நடக்க, வண்டி பின்னால் மெதுவாக வரட்டும். குஞ்சைக் கண்டால் கையில் எடுத்துக் காப்பாற்ற வேண்டாம். சில நிமிடம் தள்ளி நின்றால் தாய் அழைத்துக்கொண்டு போய்விடும். தனியாக நிற்கிறது என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது பிழைப்பது கடினம்.

எங்கள் பங்குக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறோம். இனி இயந்திரம் இறங்கிய பிறகு ஓடி வரமாட்டோம். ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியில், வேலை தொடங்குவதற்கு முன்பே திடலின் ஓரத்தில் நின்று, காலை வெயில் ஏறுமுன் இருநோக்கியால் (பைனாகுலர்) தரையைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். ஒரே இடத்தில் நெஞ்சைத் தரையில் அழுத்திக் குழி சுரண்டும் ஜோடி எங்கே என்று குறித்து வைப்போம். முட்டை இடுவதற்கு முன்பே இடம் தெரிந்துவிட்டால் வேலைத் திட்டத்தில் அந்த மூலையைக் கடைசியில் போடச் சொல்லிக் கேட்க நேரம் இருக்கும். அப்படிக் குறித்த இடங்களின் பட்டியலில் முதல் பிரதியை மேற்பார்வையாளரிடமும், இரண்டாவதை ஜேசிபி தம்பியிடமும், மூன்றாவதைத் தண்ணீர் லாரி அண்ணனிடமும் கொண்டுவந்து கொடுப்போம்.