அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள், டாக்டர்

மதிப்புக்குரிய தோல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் என் கன்னத்திலும் தாடையிலும் இருந்தவை சாதாரணப் பருக்கள் இல்லை. தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு நிற்கும் கட்டிகள். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை பட்டே வலிக்கும். களிம்பு, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் உங்களில் ஒருவர் ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரையை எழுதித் தந்தார். ஏழு மாதத்தில் முகம் அடங்கியது. அந்த மருந்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது கைக்கு வந்த விதத்தில்தான் கோபம்.

அந்த அறையில் நாங்கள் இருந்தது நான்கு நிமிடம் இருக்கும். "கர்ப்பம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார் டாக்டர். கேட்டது அம்மாவைப் பார்த்து. "சேச்சே, படிக்கிற பெண் டாக்டர்" என்றார் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பரிசோதனை இல்லை, கருத்தடை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 1982-ல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே, கர்ப்பமாக இருந்தபோது இதைச் சாப்பிட்ட பெண்களுக்குக் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்த தகவல்கள் வர ஆரம்பித்துவிட்டன. காது, முகம், இதயம், மூளை என்று எங்கெல்லாமோ பாதிப்பு. 2006-ல் அங்கே ஐபிளெட்ஜ் என்ற பதிவுத் திட்டத்தைக் கொண்டுவந்து, கர்ப்பம் இல்லை என்று மாதாமாதம் உறுதியானால்தான் அந்த மாதத்துக்கான மருந்து என்று வைத்தார்கள். உறவு இருந்தால் இரண்டு வகைக் கருத்தடை. மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் அதே கவனம். இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்பட்ட மருந்துக்கு என் அம்மாவின் "சேச்சே" போதுமானதாக இருந்தது.

என் விஷயத்தில் அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் எனக்கு அடுத்து உள்ளே போன பெண்ணுக்கு? அவளும் தரையைத்தான் பார்த்திருப்பாள். அதனால் கேட்கிறேன்: கூட வந்தவர் அம்மாவோ, அப்பாவோ, கணவரோ, ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். "எல்லாரிடமும் இப்படித்தான் தனியாகக் கேட்பேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது.

அப்புறம், "தினம் ஒன்று" என்று மட்டும் எழுதாதீர்கள். எதோடு என்று எழுதுங்கள். நான் முதல் ஆறு வாரம் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினேன். இது கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒழுங்காக ஏறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்குப் போட்டுத் தருகிறீர்கள்; சாப்பாட்டோடு போடு என்று சொல்லாவிட்டால் அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்?

உதடு காயும் என்று மட்டும் சொல்லியிருந்தார். காய்வதா அது! இரண்டாவது வாரம் கொட்டாவி விட்டபோது கீழுதடு நடுவில் பிளந்து ரத்தம் வந்தது. ஒருநாள் காலையில் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. மூக்கு உள்ளே வறண்டு வெடித்திருக்கிறது. இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்குகிறது, அதனால் வறட்சி வரத்தான் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். போதாக்குறைக்கு முதல் மாதம் பரு குறைவதற்குப் பதில் கூடியது. சிலருக்கு அப்படி ஆகும் என்று தெரியாமல், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி நான்கு நாள் நிறுத்தினேன். அந்த நான்கு நாளும் நீங்கள் சொல்லாமல் விட்டதன் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது மாதம் வேறொரு தொற்றுக்காக வேறொரு டாக்டரிடம் போனேன். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். பரு மாத்திரையை மருந்து என்று நான் நினைக்கவே இல்லை, அதனால் அவரிடம் சொல்லவும் இல்லை. மருந்துக்கடைக்காரர்தான் "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுத் தடுத்தார். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடலாம், விடாத தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது, இதுவே அந்த இனம்தான் என்றும் அவரே சொன்னார். அந்த மனிதருக்குப் பெரிய கும்பிடு.

ரத்தப் பரிசோதனை எழுதினீர்கள், சரி. எதற்கு என்றும் சொல்லுங்கள். கல்லீரலையும் ட்ரைகிளிசரைடையும் பார்க்கத்தான், அந்தக் கொழுப்பு மிகவும் ஏறினால் கணையம் வீங்கலாம் என்று தெரிந்தால் யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

மனசைப் பற்றியும் கேளுங்கள். மனச்சோர்வுக்கு மருந்துதான் காரணமா, முகம் தரும் வேதனையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிரிட்டனில் 2023-ல், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைத் தொடங்க மருந்து எழுதும் தகுதியுள்ள இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு முறையும் "தூக்கம் எப்படி, மனசு எப்படி?" என்று கேட்டு, பதில் வரும்வரை பேனாவை எடுக்காமல் இருந்தாலே போதும்.

கடைசியாக ஒன்று, இது என் தப்பும்கூட. மருந்தை நிறுத்தியபோது ஓர் அட்டையில் எட்டு மாத்திரை மிச்சம் இருந்தது. கூடப் படித்த தோழிக்கும் என்னைப் போலவே பரு. "உனக்குக் கேட்டதே, எனக்கும் கேட்கும்" என்றாள். கொடுத்துவிட்டேன். மூன்று விழுங்கிய பிறகு, அட்டையின் பின்பக்கம் கர்ப்பிணி உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம் இருப்பதைப் பார்த்து என்னிடம் ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. இரண்டு நாள் நாங்கள் இருவரும் தூங்கவில்லை. நல்லவேளை, கர்ப்பம் இல்லை.

அந்தப் படம் ஏழு மாதமாக என் கையில் இருந்தது. எனக்கு யாரும் காட்டவில்லை. முதல் நாளே அட்டையைத் திருப்பி, அதன்மேல் விரல் வைத்துக் காட்டுங்கள் டாக்டர். யாருக்கும் கொடுக்காதே, சாப்பிடும்வரைக்கும் அதற்குப் பின் ஒரு மாதமும் ரத்ததானம் செய்யாதே, மிச்சம் இருந்தால் கொண்டு வந்து கொடுத்துவிடு என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருத்தி