மாறும் ரசாயன விதிகள் சிறு தோல் கூடங்களுக்குத் தமிழில் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் காலணிகளுக்கான ரசாயன வரம்புகள் கடுமையாகி வருவது குறித்து நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் அவ்வப்போது செய்திகள் வெளியாகின்றன. அவற்றில் பேசப்படுவது பெரும்பாலும் ஏற்றுமதியாளர்களின் கவலையே. அந்தக் காலணிகளுக்கான தோலைப் பதனிடும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிச் சிறு கூடங்கள், அதிலும் பிறருடைய தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கூடங்கள், இந்த விதிகளை எப்போது, யார் மூலம் அறிகின்றன என்பது எங்கும் பேசப்படுவதில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியை வெளியிட்டவுடன், வெளிநாட்டுக் காலணி நிறுவனம் தன் தடைப்பட்டியலைத் திருத்துகிறது. அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில், பல பக்க அட்டவணையாக, இங்குள்ள ஷூ கம்பெனிக்கு வருகிறது. அங்கிருந்து தோல் வழங்குபவருக்கும், அவரிடமிருந்து ஜாப் ஒர்க் செய்பவருக்கும் போய்ச்சேரும்போது, பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டிய கடைசிப் பக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. இன்ன பொருள் இருக்கக் கூடாது என்ற உறுதிமொழியில் கையெழுத்திடுபவர், அந்தப் பொருள் தன் கிடங்கில் எந்த டிரம்மில், எந்த வணிகப் பெயரில் இருக்கிறது என்பதை அறிய வழியில்லாமலேயே கையெழுத்திடுகிறார். ஆய்வகச் சோதனையில் சரக்கு தவறியது என்ற செய்திதான் பல இடங்களில் விதி மாறியதற்கான முதல் அறிவிப்பு.

இந்தத் தொழில் மாற்றத்தை ஏற்க மறுக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்டுவந்த பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தபோது ஏற்றுமதியே நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு தொழில் மாற்றுப் பொருள்களுக்கு நகர்ந்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களுக்கு 1994இல் ஜெர்மனியில் தடை வந்தபோதும் அப்படியே. இவை நல்ல தடைகள். அந்தச் சாயங்களை வெறுங்கையால் கரைத்தவர்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள்தான் என்பதால், அவை நீங்கியதில் முதல் பயனும் அவர்களுக்கே. நான் கேட்பது தளர்வு அன்று. விதி என்ன, அதற்கு ஏற்ப வேலையை எப்படி மாற்றுவது என்பது உரிய காலத்தில் தெரிய வேண்டும் என்பதே.

தெரிவது ஏன் முக்கியம் என்பதற்குக் குரோமியம் தெளிவான சான்று. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது குரோமியம்-3. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது குரோமியம்-6க்கு. அது மனிதரின் தோலில் ஒவ்வாமைப் புண்களை உண்டாக்குகிறது. இந்தக் குரோமியம்-6ஐ எந்தக் கூடமும் தோலில் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. பின்வரும் வேலைகளின்போது அது தானாக உருவாகிறது. நடுநிலையாக்கும்போது கார அளவு மிகுந்தாலும், சாயம் நன்றாக இறங்க வேண்டும் என்று அம்மோனியா சேர்த்தாலும், மீன் எண்ணெய் போன்ற எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் எண்ணெயைக் கொண்ட ஃபேட்லிக்கரை, அதாவது தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவையைப் பயன்படுத்தினாலும், பதனிட்ட தோல் கடும் வெயிலிலும் சூட்டிலும் கிடந்தாலும் குரோமியம்-3இன் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறிவிடக்கூடும். கூடத்தில் சோதித்தபோது தேறிய தோல், கப்பலில் வெப்பத்தில் பயணம் செய்து துறைமுகம் சேர்ந்தபின் தவறுவதற்கும் இதுவே காரணம். கடைசிக் கட்டத்தில் அமிலத்தன்மையைச் சரியாக நிலைநிறுத்தி நன்கு அலசுவதும், மிமோசா போன்ற தாவரப் பதச் சாற்றைச் சிறிதளவு சேர்ப்பதும் இதைப் பெரிதும் தடுக்கும். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. தோலைப் பதனிடும் சுழல் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு இந்த வேதியியல் அவர் மொழியில் தெரிந்திருந்தாலே போதும். மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ராணிப்பேட்டை மக்களுக்குக் குரோமியம்-6 என்றால் என்னவென்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலானது, மாற்றாக வந்த பொருளே பின்னர் தடைக்குள் வருவது. குரோமியத்தைக் குறைக்க வேண்டும் என்று பலர் சின்டான்கள் எனப்படும் செயற்கைப் பதப் பொருள்களின் அளவைக் கூட்டினார்கள். அவற்றில் ஒரு வகை பிஸ்பீனால்-எஸ் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு தயாராகிறது. 2023 ஜனவரியில் அந்தப் பொருளே ஐரோப்பிய ரசாயன முகமையின் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. தோலில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கப் பூசும் ஃபுளோரின் சேர்மங்களிலும் இதுவே நடந்தது. எட்டுக் கார்பன் வகை தீங்கானது என்று கைவிடப்பட்டு ஆறு கார்பன் வகை வந்தது. ஆறு கார்பன் வகைக்கும் 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு விதித்துவிட்டது. மேற்சொன்ன கவலைக்குரிய பொருள்களின் பட்டியல் 2008இல் 15 பொருள்களோடு தொடங்கி, 2025 ஜூனில் 250ஐத் தொட்டது. அது பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை நீள்கிறது. ஒருமுறை பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதால் தீரக்கூடிய தேவை அல்ல இது.

ஆண்டுக்கு இருமுறையாவது, பட்டியல் திருத்தப்பட்ட சில வாரங்களுக்குள், எந்தப் பொருள் புதிதாகச் சேர்ந்தது, அது நம் கூடங்களில் எந்த வேலையில் எந்த வகைச் சரக்கின் வழியாக வருகிறது, அதற்கு மாற்று என்ன, எந்தத் தேதியிலிருந்து கட்டுப்பாடு என்பதை விளக்கும் தமிழ் அறிவிப்பு வெளிவர வேண்டும். இதை எழுதும் அறிவு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் பட்டியல்கள் தோல் ஏற்றுமதிக் கழகத்துக்கு எட்டாதவை அல்ல. கொண்டுசேர்க்கும் வழியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளும் தோல் கூடங்களைப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இறுகப் பிணைத்துவிட்டன. சிறு கூடங்கள் பலவும் ஏதேனும் ஒரு நிலையத்தில் உறுப்பினராக இருக்கின்றன. அந்த நிலையங்களின் அலுவலகப் பலகையும் வாட்ஸ்அப் குழுவும் இந்த அறிவிப்புக்குப் போதும்.

ரசாயனம் விற்பவர்களின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் கிடைக்கும் இடங்களிலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. உட்பொருள்களைச் சொல்ல வேண்டிய பகுதியில் வணிக ரகசியம் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுவதும் உண்டு. கூடம் உறுதிமொழி தர வேண்டுமென்றால், அதற்குச் சரக்கு விற்றவரும் ஒவ்வொரு தொகுப்புக்கும் எழுத்தில் உறுதி தர வேண்டும். உட்பொருளில் மாற்றம் செய்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். சரக்கு தவறும்போது இழப்பு முழுவதும் கூலிக்கு வேலை செய்தவர் தலையில் விழுவது அநியாயம்.

ஆறு கார்பன் ஃபுளோரின் சேர்மங்கள் மீதான ஐரோப்பியக் கட்டுப்பாடு, பொதுமக்கள் அணியும் ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் 2026 அக்டோபர் 10 முதல் பொருந்துகிறது. அனுமதிக்கப்படும் அளவு, இவ்வகையின் அடிப்படையான பெர்ஃபுளோரோஹெக்சனாயிக் அமிலத்துக்கும் அதன் உப்புகளுக்கும் நூறு கோடியில் 25 பங்கு. கணக்கில் வருவது காலணி சந்தைக்கு வரும் தேதி. அதற்கான தோலோ பல மாதங்களுக்கு முன்பே பதனிடப்பட்டிருக்கும், ரசாயனம் அதற்கும் முன்பே வாங்கப்பட்டிருக்கும். பழைய பூச்சுப் பொருள் ஓடிய குழாயிலும் தெளிப்பு இயந்திரத்திலும் ஒட்டியிருக்கும் மிச்சமே இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், கிடங்கிலுள்ள சரக்கை அடையாளம் காண்பதும் இயந்திரங்களைக் கழுவும் முறையும் கழுவிய நீரை எங்கே விடுவது என்பதும் முதலில் தெளிவாக வேண்டும். இந்த மூன்றையும் விளக்கும் தமிழ் அறிவிப்பிலிருந்தே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தோல் ஏற்றுமதிக் கழகமும் இந்தப் பணியைத் தொடங்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஜாப் ஒர்க் தோல் கூடம் ஒன்றின் ரசாயனப் பிரிவுப் பொறுப்பாளர்,
வாணியம்பாடி