கார் கொட்டேஷனைப் பிரித்துக் காட்டட்டும்

ஆசிரியருக்கு,

மகளுக்குக் கார் பார்க்க மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விலையில் பைசா குறையாது என்றார்கள். சரி, கொட்டேஷனைக் கொடுங்கள் என்றேன். சாலை வரிக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' (காரைக் கையாள ஷோரூமே போடும் கட்டணம்) ரூ.8,500! இன்சூரன்ஸ் ரூ.49,000. அதே பாலிசி வெளியே ரூ.36,000தான். காப்பீட்டை நமக்குப் பிடித்த நிறுவனத்தில் எடுக்கலாம். புதுக் காருக்கு 3 ஆண்டு கட்டாயம் என்பது மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு (நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மட்டுமே, நம் காரின் சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு போதும். இதைச் சொன்னதும் மேலாளர் பேனாவை எடுத்து ஹேண்ட்லிங் சார்ஜை அடித்துவிட்டார். அப்புறம் மேட், மட்ஃபிளாப்பும் இலவசம் என்றார். கேட்கத் தெரியாதவர்கள் முழுசாகக் கட்டிவிட்டுத்தானே போகிறார்கள்? எது அரசுக் கட்டணம், எது ஷோரூம் கட்டணம் என்று தமிழில் எழுதி வாசலிலேயே மாட்டும்படி போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை